சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: 15,349 கிலோமீட்டர், ஆனால் எத்தனை மணி நேரம்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு இணையத்தில் 15,349 கி.மீ. என்று போட்டிருக்கிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்றால் 17 மணி நேரம் வர வேண்டும். ஆனால் டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம். போன முறை அக்கா போனபோது இருக்கைத் திரையில் 17 மணி 15 நிமிடம் காட்டியதாம், தூரமும் 16,000க்கு மேல் இருந்ததாம். எது சரி? கடைசியில் ஒரு வரி: "அம்மா தனியாகப் போகிறார், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்." அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் அல்ல. அம்மா எத்தனை மணி நேரம் அந்த இருக்கையில் இருக்கப் போகிறார் என்பதுதான். இரண்டுக்கும் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன். நீண்ட தூர விமானங்களுக்கு ஃப்ளைட் பிளான், அதாவது எந்த வழியாக, எவ்வளவு எரிபொருளோடு போவது என்ற திட்டம் போடும் டிஸ்பாட்ச் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால், நீங்கள் சொன்ன எண்கள் எல்லாமே சரி என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அவை வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். சாங்கி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.36 பாகையில், ஜே.எஃப்.கே. 40.64 பாகையில். தீர்க்கரேகையைப் பார்த்தால் ஒன்று கிழக்கே 103.99, மற்றது மேற்கே 73.78. இரண்டையும் கூட்டினால் 177.77. அதாவது கிட்டத்தட்ட 180. பூமியை வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் இந்த இரண்டு ஊர்களும் ஏறத்தாழ நேர் எதிரெதிரே இருக்கின்றன. அப்படியானால் மிகக் குறுகிய வழி துருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சராசரியாக 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 15,345 வரும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதைக் கணக்கில் எடுக்கும் தளங்கள் 15,349 என்கின்றன, உருண்டை என்றே வைத்துக்கொள்பவை பத்து கிலோமீட்டர் குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டையான உலக வரைபடத்தில் இது கண்ணுக்குப் படாது. ஒரு பூமி உருண்டையை எடுத்து நூல் பிடித்துப் பாருங்கள். நூல் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே கிளம்பும். சீனாவின் குன்மிங் நகரைத் தொட்டு, மங்கோலியாவைக் கடந்து, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியாவில் ஏறி, வடதுருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். பார்க்க அழகான கோடு. ஆனால் உங்கள் அம்மாவின் விமானம் அந்தக் கோட்டில் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏன் என்றால், அந்தக் கோட்டின் கீழே இருப்பவை நூலுக்குத் தெரியாது. தென்மேற்குச் சீனாவில் திபெத் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் உயரமான மலைகள் இருக்கின்றன. கேபினில் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் உடனே பத்தாயிரம் அடி அளவுக்கு இறங்க வேண்டும், அங்கே அதற்கு இடம் இல்லை. எந்த நொடியில் கோளாறு வந்தாலும் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக வெளியேறுவது என்று முன்கூட்டியே வழி போட்டு வைத்தால்தான் அப்படிப் போகலாம். துருவப் பகுதியில் வேறு விதச் சிக்கல். பூமத்திய ரேகைக்கு மேலே நிலைகொண்டிருக்கும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 82 பாகைக்கு அப்பால் சரியாகக் கைகொடுப்பதில்லை. சூரியப் புயல் அடித்தால் நீண்ட தூர ரேடியோவும் கெட்டுவிடும். பொதுவாகப் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40லேயே. எனவே இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இவையெல்லாம் தீர்க்க முடியாதவை அல்ல. துருவ வழியில் விமானங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

ரஷ்ய வான்வெளிதான் இன்று பெரிய தடை. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது. பட்டியலில் இல்லாத சில நிறுவனங்களும் பாதுகாப்பைக் கருதி அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கின்றன. இதனால் என்ன ஆகும் என்பதற்கு ஹெல்சிங்கி–டோக்கியோ வழியைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. முன்பு ஒன்பது மணி நேரம் சொச்சத்தில் போன ஃபின்ஏர் விமானம் அதற்குப் பிறகு 13 மணி நேரம் அளவுக்கு எடுத்துக்கொண்டது, சில நாட்களில் வடதுருவத்தின் மேலாகவே சுற்றிப் போனது. தூரம் காட்டும் இணையதளங்களில் மட்டும் அந்த இரு ஊர்களின் எண் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. வான்வெளி திறந்திருப்பவர்களுக்கும் வேறு கவலை உண்டு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்க வேண்டி வந்தது. மாற்று விமானம் வந்து சேரும்வரை இருநூறுக்கு மேற்பட்ட பயணிகள் அந்தச் சிறிய ஊரில் தங்க நேர்ந்தது. வழியில் அவசரமாக இறங்க நேர்ந்தால் எங்கே இறங்குவது, இறங்கியவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் பாதையைத் தீர்மானிக்கும் விஷயம்தான்.

சரி, நேர் வழியை விட்டால் எவ்வளவு சுற்று? இங்கேதான் சிங்கப்பூர்–நியூயார்க் மற்ற ஜோடிகளைப் போல் இல்லை. டோக்கியோவை ஒட்டிப் போனால் சிங்கப்பூர்–டோக்கியோ சுமார் 5,350, டோக்கியோ–நியூயார்க் சுமார் 10,850, ஆக மொத்தம் 16,200. மறுபக்கமாக லண்டனை ஒட்டிப் போனால் 10,880 உடன் 5,540 சேர்த்து 16,400 சொச்சம். துருவ வழியைவிட ஆயிரம் கிலோமீட்டர்தான் கூடுதல். ஊர்கள் எதிரெதிரே இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அக்கா திரையில் பார்த்த 16,000 சொச்சம் இந்தச் சுற்று வழிகளில் ஒன்றின் தூரம்.

ஆயிரம் கிலோமீட்டர் கூடுதல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகமாகும் என்றுதான் நினைப்போம். நடப்பது அது இல்லை. விமானத்தின் வேகம் தரையைப் பொறுத்தது அல்ல, சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. இந்த வழியில் ஓடும் ரக விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் போகும். 36,000 அடிக்கு மேல், மைனஸ் 56 டிகிரி குளிரில், அது மணிக்கு சுமார் 903 கி.மீ. அந்தக் காற்றே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தால், கிழக்கே போகும் விமானம் தரைக்கு மேலே 1,003ல் நகரும், எதிரே வருவது 803ல். சாங்கி விமான நிலையத்தில் நகரும் நடைபாதையின் மேல் நடப்பதும் அதற்கு எதிராக நடப்பதும் போலத்தான். அதனால் ஃப்ளைட் பிளான் போடுபவர்கள் தரைத் தூரத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது காற்றுத் தூரம், அதாவது இன்றைய காற்றில் விமானம் உண்மையில் எவ்வளவு பறக்க வேண்டியிருக்கும் என்பது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். துருவத்தை ஒட்டிய 15,349 கி.மீ. வழியில் காற்று சாதகமாகவும் இல்லை, எதிராகவும் இல்லை என்றால் 903ஆல் வகுத்து 17 மணி நேரம். டோக்கியோ பக்கமாக 16,200 கி.மீ. போய், வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 70 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 973ஆல் வகுக்க வேண்டும், 16 மணி 40 நிமிடம் வரும். நீளமான வழி இருபது நிமிடம் முன்னால் சேர்க்கிறது, எரிபொருளும் மிச்சம். மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் வழியில் வளைந்து நெளிவதற்கும் அரை மணி சேர்த்தால், அக்கா திரையில் பார்த்த 17 மணி 15 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்தப் பின்காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா எந்த மாதத்தில் போகிறார் என்பது அதில் அடங்கியிருக்கிறது. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம்தான் ஜெட் ஸ்ட்ரீம். ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி 1920களிலேயே ஜப்பானின் தடேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டு இதை அளந்தார். எஸ்பராந்தோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள் இந்தக் காற்றில் சிக்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்கும் உறைத்தது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ.ஐத் தாண்டுவது சாதாரணம். கோடையில் பலவீனமாகி வடக்கே நகர்ந்துவிடும். சிங்கப்பூரை ஒட்டிய முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய காற்று எதுவும் கிடைக்காது, அதற்கு வடக்கே போனால்தான்.

இது எந்த அளவுக்குப் போகும் என்றால், 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. சாதாரணமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே வருடம் மார்ச்சில் ஏர் டஹிட்டி நுயி நிறுவனத்தின் விமானம், பசிபிக் தீவான டஹிட்டியில் உள்ள பப்பீட்டேயிலிருந்து பாரிஸுக்கு 15,715 கி.மீ. இடைநில்லாமல் பறந்தது. அமெரிக்காவில் கொரோனா கட்டுப்பாடுகள் வந்ததால் வழக்கமாக லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதை விட்டுவிட்டார்கள். தூரம் உங்கள் வழியைவிட அதிகம், ஆனால் சுமார் 16 மணி நேரத்தில் முடிந்தது. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

லண்டன்–நியூயார்க் போன்ற வழிகளில் கிழக்கே போவது வேகம், மேற்கே திரும்புவது தாமதம், ஒரு மணி நேரம் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். சிங்கப்பூர்–நியூயார்க்கில் அப்படி இல்லை, அதுதான் இந்த ஜோடியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகலாம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா வழியாக, அதுவும் கிழக்கே வரலாம். இரண்டு முறையும் பின்காற்று. போய் வருபவர் ஒரே திசையில் பூமியை முழுதாகச் சுற்றி வந்துவிடுவார். எப்போதும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று எப்படி இருக்கிறது, எந்த வான்வெளி மூடியிருக்கிறது, எங்கே போர் நடக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அன்றன்றைக்கு வழி முடிவாகும்.

அப்புறம், டிக்கெட்டில் இருக்கும் 18 மணி 40 நிமிடம். இது பறக்கும் நேரம் அல்ல. எங்கள் தொழிலில் இதற்கு பிளாக் டைம் என்று பெயர். சாங்கி கேட்டிலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, ஜே.எஃப்.கே. கேட்டில் போய் நிற்கும் நொடி வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட் காலியாகும் வரை நிற்பது எல்லாம் இதற்குள் வரும். ஜே.எஃப்.கே. நெரிசலான விமான நிலையம், அங்கே அரை மணி நேரம் தரையிலேயே போவது அபூர்வம் அல்ல. அதோடு, கால அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே போடப்படுவதால், காற்று சரியில்லாத நாளிலும் சொன்ன நேரத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. எனவே நல்ல நாட்களில் விமானம் அட்டவணைக்கு அரை மணி, ஒரு மணி முன்பே வந்துவிடும். முன்னால் வந்தாலும் கேட் கிடைக்காமல் நிற்பதும் உண்டு.

இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். எரிபொருள்தான் காரணம். இந்த வழியில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நீண்ட தூரத்துக்கான ரகம்) விமானத்தில் 1,65,000 லிட்டர் நிரப்பலாம். எடை போட்டால் சுமார் 130 டன். விமானம் புறப்படக்கூடிய அதிகபட்ச மொத்த எடையே 280 டன்தான். பாதிக்குச் சற்றுக் குறைவாக எரிபொருள். அதைத் தூக்கிச் செல்லவே நிறைய எரிபொருள் செலவாகும் என்பதால், முதல் மணி நேரங்களில் தாழ்வாகப் பறந்து, எடை குறையக் குறையப் படிப்படியாக உயரே ஏறும். எடையைக் குறைக்கத்தான் இதில் 161 இருக்கைகள் மட்டும், சாதாரண எக்கானமி வகுப்பே இல்லை. இதே நிறுவனம் 2004ல் நான்கு இன்ஜின் ஏ340-500 வைத்து, நியூயார்க்கை ஒட்டிய இன்னொரு விமான நிலையமான நியூவார்க்குக்கு இடைநில்லாமல் ஓட்டியது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013ல் நிறுத்தியது. 2018 அக்டோபரில் இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகு மீண்டும் தொடங்கியது, 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே.வும் சேர்ந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் எரிபொருள் செலவு அதைவிட வேகமாக ஏறும், இவ்வளவு நீண்ட வழியில் அதற்கு இடம் கிடையாது. டிக்கெட்டில் நியூவார்க்கா, ஜே.எஃப்.கே.வா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் தூரத்தில் வித்தியாசம் இல்லை, ஆனால் அழைக்க வரும் அக்காவுக்கு நியூயார்க் நகரின் இரு பக்கங்கள்.

கடிகாரக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். நியூயார்க் கோடையில் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13 மணி நேரம். நள்ளிரவு 12க்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொண்டால், 18 மணி 40 நிமிடம் கழித்து சிங்கப்பூரில் மாலை 6.40. நியூயார்க்கில் கோடை என்றால் அதே தேதி காலை 6.40, குளிர்காலம் என்றால் 5.40. கோடையில் போனால் அம்மாவின் முள் கடிகாரத்தை மாற்றவே வேண்டாம், காலை மாலையை மட்டும் மாற்றி எண்ணிக்கொண்டால் போதும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை, குறுகிய தூரம், கடிகார வித்தியாசம், பிளாக் டைம் என்ற வரம்பு. எந்த வழியாகப் போகும், சரியாக எத்தனை மணி நேரம் பறக்கும் என்பதை இன்று என்னால் மட்டும் அல்ல, அந்த நிறுவனத்திலேயே யாராலும் சொல்ல முடியாது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, புதிய காற்று முன்னறிவிப்பை வைத்துத்தான் பிளான் தயாராகும். ஆனால் 17 மணிக்கும் 18 மணிக்கும் இடையில் பறக்கும் நேரம் அமையும் என்று எதிர்பார்ப்பது நியாயமான கணிப்பு. விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அதே விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு நேரம் பறந்தது என்று பாருங்கள். டிக்கெட்டில் இருக்கும் எண்ணைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

மாத்திரை விஷயத்தில் நான் மருத்துவர் இல்லை, அதனால் நேரத்தை மட்டும் சொல்கிறேன். கதவு மூடுவதற்கு முன்பே ஏறி உட்கார்வது, இறங்குவதற்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து இருக்கையில் 19 முதல் 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பி, நியூயார்க்கில் குடிநுழைவு முடித்து வெளியே வரும்வரை ஒரு முழு நாள். இந்த இரண்டு எண்களையும் அவர் மருத்துவரிடம் காட்டி, எந்த மாத்திரை எந்த மணிக்கு என்று சிங்கப்பூர் நேரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் சாப்பாடு வரும் நேரம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தோடு ஒத்துப்போகாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. நடைவழியை ஒட்டிய இருக்கை கிடைத்தால் அடிக்கடி எழுந்து நடக்கச் சௌகரியமாக இருக்கும்.

விமானம் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத் தளத்தைத் திறந்தால், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும், சேரும் நேரமும் ஓரளவு நம்பும்படி இருக்கும். அந்த நேரத்தை அக்காவுக்கு அனுப்புங்கள். தரையிறங்கியதும் அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அம்மா வெளியே வருவார் என்று கணக்கு வைத்து அக்காவை வீட்டிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள்.